சரித்திரத்தில் தோற்ற வண்டி

எம்ரிஸ் ப்யூவின் மோட்டார் சைக்கிள் முப்பத்துமூன்று வருடங்களில் இரண்டே இரண்டு முறைதான் நடுவழியில் நின்றிருக்கிறது. ஒரு முறை பெட்ரோல் தீர்ந்துபோய். இன்னொரு முறை மலைப்பாதையின் நடுவில் படுத்திருந்த செம்மறியாடு எழுந்திருக்க மறுத்ததால். இரண்டிலும் வண்டியைக் குறை சொல்ல யாருக்கும் வாய் வராது. ஒரே உதையில் உயிர் வரும் வண்டி அது. வராத நாளில் உதைத்தவர் காலில்தான் கோளாறு என்று கும்பெடு பள்ளத்தாக்கே ஒப்புக்கொண்டிருந்தது. எம்ரிஸ் அதில்தான் தபால் கொண்டுபோனார், அதில்தான் ஓய்வு பெற்று வீட்டுக்கும் வந்தார். கார் ஓட்ட அவர் கற்றுக்கொள்ளவே இல்லை. அவருடைய மனைவி ஒல்வென் அந்த வண்டிக்கு வைத்திருந்த பெயர் சக்களத்தி.

"வெள்ளிக்கிழமையானா அவளைக் குளிப்பாட்டுறியே, அந்த சோப்புல பாதிய உன் மேல போட்டாலும் வீட்டுக்கு நல்லது" என்பாள்.

மூன்று வயது தாண்டிய வண்டி எதுவானாலும் வருடத்துக்கு ஒரு தடவை சோதனைக்குப் போயாக வேண்டும். தேறினால் சான்றிதழ். இல்லையென்றால் சக்கரம் சாலையில் படக் கூடாது. எம்ரிஸ் ஒவ்வொரு நவம்பரிலும் இட்வாலின் பட்டறைக்குப் போவார். இட்வால் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து, 'செயின் சற்றுத் தளர்வு', 'பின் டயர் தேயத் தொடங்குகிறது' என்று ஏதாவது எழுதிச் சான்றிதழைக் கையில் கொடுப்பார். எம்ரிஸ் அன்று மாலையே அதைச் சரிசெய்துவிடுவார். அப்படித் தேறியபடியே அறுபத்துச் சொச்சம் குறிப்புகள் அந்த வண்டியின் கணக்கில் ஏறியிருந்தன. அவற்றைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. கவலைப்படுவதற்கென்று ஒரு வாரியம் அப்போது இல்லை.

அந்த வருடம் இரண்டு காரியங்கள் நடந்தன. முதலாவது, கோடையில் ஒல்வென் தேவாலய ஜன்னலைத் துடைக்க ஏணியில் ஏறி, துடைத்து முடித்த திருப்தியில் பின்னால் ஓர் அடி எடுத்து வைத்தாள். இடுப்பெலும்பு முறிந்தது. அறுவை முடிந்தபின், தேறும்வரை தங்க ட்ரெகார்த் ஊரிலிருந்த ஓர் இல்லத்தில்தான் கட்டில் காலியிருந்தது. மலைக்கு அந்தப் பக்கம், பதினேழு மைல். பேருந்து உண்டு. செவ்வாய்க்கிழமை போகும், வியாழக்கிழமை திரும்பும். நடுவில் புதன்கிழமையை எங்கே வைத்துக்கொள்வது என்று கால அட்டவணையில் போட்டிருக்கவில்லை.

அந்த இல்லத்துச் சமையல்காரர் எதையும் அது மன்னிப்புக் கேட்கும்வரை வேகவைப்பவர். ஒல்வென் அதைத் தொட மறுத்தாள். உடம்பு வற்றிக்கொண்டே வந்தது. இப்படியே போனால் இவள் எழுந்து நடக்கப் போவதில்லை என்று மருத்துவர் எம்ரிஸைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார். அன்றிலிருந்து அவர் தினமும் காலையில் லீக் வெங்காயத்தாள் சூப்போ, ஈரல் உருண்டையும் பட்டாணியுமோ செய்து, தகர டப்பாவில் கட்டி, மலையேறி இறங்கி, மூன்று மணிக்கு அவள் முன்னால் நிற்பார். அவள் உப்பு அதிகம் என்று திட்டிக்கொண்டே தட்டை வழித்துச் சாப்பிடுவாள். மறுநாள் மூன்று மணிவரை வேறு எதுவும் வாயில் படாது.

இரண்டாவது காரியம், அரசாங்கம் சாலை வாகன வரலாற்று வாரியத்தை உண்டாக்கியது.

நவம்பரில் எம்ரிஸ் வழக்கம்போல் பட்டறைக்குப் போனார். இட்வால் கம்ப்யூட்டரில் வண்டி எண்ணைத் தட்டினார். திரை முழுக்கச் சிவந்தது.

"என்னய்யா இது, ரத்தச் சிவப்பா இருக்கு?"

"நீ தோத்துட்ட."

"வண்டிய நீ இன்னும் திரும்பியே பார்க்கலையே!"

"பார்க்கக் கூடாதாம். புது விதி. முதல்ல சரித்திரம், அப்புறம்தான் சரீரம். சரித்திரத்துல தேறாத வண்டியோட சரீரத்தை நான் தொட்டா என் லைசென்ஸ் போயிடும்."

இருவரும் மூக்குக் கண்ணாடிகளைச் சரிசெய்துகொண்டு திரையைப் படித்தார்கள். பத்து வருடத்துக்கு முந்தைய சோதனையில் வண்டி ஓடிய தூரம் மூன்று லட்சத்துப் பன்னிரண்டாயிரத்து நாற்பது மைல் என்று இருந்தது. அடுத்த வருடம் முப்பத்துமூவாயிரம். நடுவில் ஏறக்குறைய இரண்டு லட்சத்து எண்பதாயிரம் மைலை வண்டி எங்கோ தொலைத்திருக்கிறது.

இட்வால் தலையைச் சொறிந்தார். அவர் தேவாலயத்தில் மூப்பர், பாடகர் குழுவில் கட்டைக் குரல். பொய் சொல்லிப் பழக்கமில்லை.

"அன்னைக்கு ஒத்திகை விஷயமா போன்ல பேசிக்கிட்டே தட்டினேன்னு நினைக்கிறேன் எம்ரிஸ். விரல் ஒரு சைபர சேர்த்துப் போட்டிருக்கு."

"ஏன்யா, இந்த மீட்டர்ல அஞ்சு இலக்கம்தானே இருக்கு? அது எப்படி மூணு லட்சம் காட்டும்?"

"அது எனக்குத் தெரியும், உனக்குத் தெரியும். இந்தப் பெட்டிக்குத் தெரியலையே."

பட்டறைக்கு எதிர் வீட்டு க்ளின் வேலிக்கு மேல் எட்டிப் பார்த்துச் சிரித்தார். அவரிடமும் ஒரு பழைய வண்டி இருந்தது. எஞ்சினைக் கழற்றி விற்றே பதினெட்டு வருடமாகிறது. இருக்கையில் கோழி முட்டையிட்டுக்கொண்டிருந்தது. வருடக்கணக்காகச் சோதனைக்கே போகாததால் அதன் பேரில் ஒரு குறைகூடப் பதிவாகவில்லை. வாரியம் அதற்கு நம்பகத்தன்மையில் பத்துக்குப் பத்து கொடுத்து, வாழ்த்து அட்டையும் அனுப்பியிருந்தது. க்ளின் அதைச் சட்டம் போட்டுக் கோழிக்கு மேலே மாட்டியிருந்தார்.

"சரி, அது கிடக்கட்டும். பின் பிரேக் ஷூ தேஞ்சு வருது. அதையாவது மாத்திக் குடு" என்றார் எம்ரிஸ்.

இட்வால் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு சிவப்புக் காகித முத்திரையைச் சங்கடத்தோடு எடுத்தார். வரலாறு தகராறில் இருக்கும் வண்டி ஒரு சாட்சியம். அதில் எந்தப் பாகத்தை மாற்றினாலும் சாட்சியத்தைக் கலைத்த குற்றம். முத்திரையைக் கிழித்தால் வண்டியைப் பறிமுதல் செய்து நசுக்கிவிடுவார்கள். அவர் அதைப் பின் சக்கரத்தின் அச்சில் ஒட்டி, உள்ளங்கையால் அழுத்தித் தடவிவிட்டார். ஒட்டி முடித்து "மன்னிச்சுக்கோ" என்றார், யாரிடம் என்று தெரியவில்லை.

மறுநாள் எம்ரிஸ் ரயிலேறி நகரத்திலிருந்த வாரியத்துக்குப் போனார். திரு. ஃபென்விக் என்ற அதிகாரி எழுந்து நின்று வரவேற்றார். தேநீர் கொடுத்தார், பிஸ்கட் கொடுத்தார். கொடுக்க முடிந்ததையெல்லாம் கொடுத்துவிட்டு உட்கார்ந்தார்.

"தவறான பதிவைத் திருத்த நிச்சயமா வழி இருக்கு மிஸ்டர் ப்யூ. பதிவான இருபத்தெட்டு நாளைக்குள்ள எழுதிக் கொடுத்தாப் போதும்."

"அது பத்து வருஷத்துக்கு முந்தி. தப்பு இருக்குன்னே நேத்துதான் எனக்குத் தெரியும்."

"எல்லாரும் இதையேதான் சொல்றாங்க" என்றார் ஃபென்விக் வருத்தத்தோடு. "ஜனங்க தங்களுக்குத் தெரியாத விஷயத்துல அக்கறையே காட்டுறதில்ல."

"இப்ப நான் என்ன செய்யணும்?"

"பதிவைத் திருத்த முடியாது. வண்டியைத் திருத்தலாம். அது பதிவுல இருக்கிற தூரத்தை எட்டிட்டா முரண்பாடு தானா தீர்ந்துடும். உங்களுக்கு இன்னும்..." அவர் ஒரு தாளில் கூட்டிக் கழித்தார். "ரெண்டு லட்சத்து அறுபதாயிரம் மைல்தான் பாக்கி. நிதானமா ஓட்டுங்க, அவசரமில்ல."

"சான்றிதழ் இல்லாம சாலையில ஓட்டலாமா?"

"ஐயையோ, கூடவே கூடாது. அது குற்றம்."

எம்ரிஸ் பிஸ்கட்டைத் தட்டில் வைத்தார். "சார், பின் பிரேக் தேஞ்சிருக்கு. அதை மட்டுமாவது மாத்த விடுங்க. மலையில இறங்குற பாதை. ஆபத்து."

"பிரேக் எங்க துறையில வராது மிஸ்டர் ப்யூ. ஆனா ஒண்ணு சொல்றேன், தைரியமா இருங்க. ஆபத்து நடந்தா அது பதிவாகும். பதிவாயிட்டா நாங்க கட்டாயம் பார்ப்போம்."

வாசல்வரை வந்து வழியனுப்பினார். அப்படிப்பட்ட மனிதரை அடிக்கக் கை ஓங்கினாலும் அவர் அதைக் கைகுலுக்கல் என்று எடுத்துக்கொள்வார்.

நான்கு நாட்கள் எம்ரிஸ் வீட்டில் கிடந்தார். காலையில் சூப் செய்தார். செய்ததைத் தானே குடிக்க முடியாமல் கொட்டினார். ஐந்தாம் நாள் இல்லத்திலிருந்து போன் வந்தது. நேற்று இரண்டு கரண்டி கஞ்சி, இன்று அதுவும் இல்லை என்று தாதி சொல்லிவிட்டு ஒல்வெனிடம் கொடுத்தாள்.

"என்ன, சக்களத்தி உன்னைக் கைவிட்டுட்டாளா?" என்றாள் ஒல்வென். கேலி பழைய கேலிதான். ஆனால் குரல் நூலாக இளைத்திருந்தது. எம்ரிஸ் போனை வைத்துவிட்டு நேரே இட்வாலின் பட்டறைக்கு நடந்தார். "உன் சைபரால என் பொண்டாட்டி சாகப் போறா" என்று வாசலில் நின்றே கத்தினார்.

இட்வால் அதற்குள் மூன்று நாளாக விதிப்புத்தகத்தை வேதப்புத்தகம்போல் வரி வரியாகப் படித்துக்கொண்டிருந்தார். விரலை ஒரு வரியில் ஊன்றியபடி நிமிர்ந்தார்.

"கத்தாத. உள்ள வா. சான்றிதழ் இல்லாத வண்டிய ஒரே ஒரு காரியத்துக்கு ஓட்டலாம். முன்கூட்டியே பதிவு செஞ்ச சோதனைக்கு ஓட்டிட்டுப் போகலாம்."

"அதான் தோத்தாச்சே."

"மறுசோதனை உண்டு. சரித்திரத் தோல்விக்கு எத்தனை தடவை வேணும்னாலும் இலவசம். எந்தப் பட்டறையில வேணும்னாலும் வச்சுக்கலாம்." இட்வால் குரலைத் தாழ்த்தினார். "ட்ரெகார்த்துல, ஒல்வென் இருக்கிற தெருவுல, பெத்தான் பட்டறை வச்சிருக்கா. அங்க தினமும் ரெண்டே முக்காலுக்கு உனக்கு ஒரு சோதனை. திரும்பி வர்றதுக்கு இங்க அஞ்சரைக்கு இன்னொண்ணு."

"மூப்பரே, இது ஏமாத்து வேலை இல்லையா?"

"சோதனை நிஜம். தோல்வியும் நிஜம். இதுல பொய் எங்க இருக்கு, காட்டு பார்ப்போம்."

இப்படித்தான் எம்ரிஸ் ப்யூ தினமும் இரண்டு முறை தோற்கத் தொடங்கினார்.

பெத்தான் முப்பது வயதுக்காரி. வாயும் கையும் ஒரே வேகம். எம்ரிஸ் தலைக்கவசத்தைக் கழற்றுவதற்குள் பொத்தானை அமுக்கிவிடுவாள்.

"வாங்க எம்ரிஸ் மாமா, தோத்துட்டீங்க. போங்க, அத்தை காத்துக்கிட்டிருக்கும்."

ஒல்வென் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்து டப்பாவைப் பார்த்தபடி, "இன்னைக்கு ரிசல்ட் என்ன?" என்பாள். "தோல்வி" என்பார் அவர். "நல்லது, சூப்ப ஊத்து" என்பாள். ஞாயிற்றுக்கிழமைகளில் பெத்தான் தேவாலயத்துக்குப் போகிற வழியில் பட்டறையைத் திறந்து, நல்ல உடையோடு நின்றபடியே ஒரு தோல்வி போட்டுவிட்டுப் போவாள்.

ஒரு நாள் மலையுச்சியில் போலீஸ்காரர் ஹெவல் மறித்தார்.

"எங்க போறீங்க?"

"சோதனைக்கு."

"நேத்தும் அதையே சொன்னீங்க."

"நேத்தும் தோத்துட்டேன்."

ஹெவல் பதிவுச் சீட்டை மேலும் கீழும் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. அதுதான் அவரை உறுத்தியது. "எங்க அத்தை பையன் கார் லைசென்ஸ் சோதனையில ஏழு தடவை தோத்தான். எட்டாவது தடவை தேறிட்டான். மனசை விட்டுடாதீங்க" என்று முதுகில் தட்டி அனுப்பினார்.

கிறிஸ்துமஸ் வந்து போனது. ஒல்வெனின் கன்னத்தில் சதை பிடித்தது. ஊன்றுகோலோடு ஜன்னல்வரை நடந்தாள். மாறாக, பின் பிரேக் நாளுக்கு நாள் மெலிந்தது. மிதித்தால் முன்பு பாதியில் பிடித்தது, பிறகு முக்காலில், ஜனவரி முடியும்போது மிதி அடிவரை இறங்கியது. பெத்தானுக்கு அது பொறுக்கவில்லை. 'பின் பிரேக் அபாய நிலை' என்று குறிப்புப் பெட்டியில் தட்டினாள். 'இவ்வாகனம் குறைகள் காணப்படும் தகுதியை இன்னும் பெறவில்லை' என்று பதில் வந்தது.

"மாமா, இந்த முத்திரையக் கிழிச்சு எறிஞ்சிட்டு நான் மாத்திடறேன். பத்து நிமிஷ வேலை."

"வேணாம்மா. வண்டியப் பிடுங்கிட்டா அவ சாப்பாட்டுக்கு நான் என்ன பண்ணுவேன்?"

எம்ரிஸ் இறக்கத்தில் இரண்டாவது கியரில், முன் பிரேக்கைத் தொட்டுத் தொட்டு, ஆட்டைவிட மெதுவாக இறங்கினார். ஆடுகள் அவரைத் திரும்பிப் பார்த்தன.

பிப்ரவரி முடிவில் வாரியத்திலிருந்து கடிதம் வந்தது. குட்டு வெளிப்பட்டுவிட்டது என்று இட்வால் வெளிறிப்போனார். பிரித்துப் படித்தால், அது பாராட்டு விழா அழைப்பு. திரு. ஃபென்விக் நேரில் வருகிறார். கும்பெடு ரக்பி மன்றத்தில், பிற்பகல் ஒன்றரை மணிக்கு.

"மூணு மணிக்கு நான் அங்க இருக்கணும்" என்றார் எம்ரிஸ்.

"அதிகாரி என்ன பேசிடப் போறாரு, பத்து நிமிஷம்" என்றார் இட்வால். அவர் அதிகாரிகளைக் கேட்டதில்லை, பிரசங்கிகளை மட்டுமே கேட்டவர்.

மன்றத்தின் நடுவில் மோட்டார் சைக்கிளை நிறுத்தி ரிப்பன் கட்டியிருந்தார்கள். மழைக்கு ஒதுங்கியவர்களும் இலவசத் தேநீருக்கு வந்தவர்களுமாகக் கூட்டம் நிறைந்திருந்தது. ஃபென்விக் கண்கலங்கப் பேசினார்.

"நண்பர்களே, உங்களிடம் மனம் திறந்து பேசுகிறேன். கடந்த இலையுதிர் காலத்தில் எங்கள் வாரியத்தை மூடிவிடலாம் என்று மேலிடத்தில் பேச்சு எழுந்தது. எங்களால் எந்தப் பயனும் இல்லை என்றார்கள். அந்த நேரத்தில்தான் இந்தச் சிறிய பள்ளத்தாக்கிலிருந்து எண்கள் வரத் தொடங்கின. நூறு நாட்களில் இருநூறு சோதனைகள்! அதில் இருநூறும் தோல்வி! நாட்டிலேயே இவ்வளவு மோசமான வாகனங்கள் உள்ள பகுதி வேறு கிடையாது என்று நாங்கள் பெருமையோடு அறிவித்தோம். எங்கள் ஊழியர் எண்ணிக்கை இரட்டிப்பாக்கப்பட்டது."

கைதட்டலாமா வேண்டாமா என்று தெரியாமல் சிலர் தட்டினார்கள். மணி இரண்டாகியிருந்தது.

"பிறகு பார்த்தால், அத்தனையும் ஒரே வண்டி! நான் மேசையை விட்டு எழுந்து நின்றுவிட்டேன். இருநூறு முறை சோதிக்கப்பட்ட ஒரு வண்டி! இதைவிடப் பாதுகாப்பான வாகனம் இந்த உலகத்தில் இருக்க முடியுமா?"

"அதுல ஒரு தடவையாவது யாராவது அதைக் குனிஞ்சு பார்த்தீங்களா?" என்று பின்வரிசையிலிருந்து பெத்தான் கேட்டாள். இதற்காகவே மலை தாண்டி வந்திருந்தாள்.

"பார்ப்பது பழைய முறை, அம்மணி" என்றார் ஃபென்விக் கனிவாக. "கண் தவறு செய்யும். பதிவு என்றைக்குமே தன்னோடு முரண்படாது. முரண்பட்டால் தண்டிப்போம்."

பிறகு அவர் ஓர் உறையைப் பிரித்தார். வரலாற்றைத் திருத்த வாரியத்துக்கு அதிகாரம் இல்லை. ஆனால் முழுவதுமாக அழிக்க அதிகாரம் உண்டு என்று ஊழியர் எண்ணிக்கை கூடியபின் ஒருவர் கண்டுபிடித்திருந்தார். அந்த மாபெரும் சலுகையை முதன்முதலாக இந்த வண்டிக்கு வழங்குகிறார்கள். இந்த நிமிடம், அதாவது இரண்டு மணி பத்து நிமிடம் முதல், இதற்கு இறந்தகாலம் கிடையாது. இது இன்று பிறந்த வண்டி. புதிய வண்டி என்பதால் மூன்று வருடங்களுக்குச் சோதனையே தேவையில்லை.

அவரே குனிந்து பின் சக்கரத்தின் முத்திரையைக் கிழித்தார். பிரேக் அவர் மூக்குக்கு ஆறு அங்குலத்தில் இருந்தது. அதைத் தவிர எல்லாவற்றையும் பார்த்துப் புன்னகைத்தார். பாடகர் குழு எழுந்து நான்கு சரணம் பாடியது. இட்வால் ஒரு சரணத்தை விழுங்கப் பார்த்தும் முடியவில்லை.

பாட்டு முடிந்தபோது மணி இரண்டரை.

"எம்ரிஸ், பட்டறைக்கு வண்டியக் கொண்டா. பிரேக் ஷூ வாங்கி வச்சிருக்கேன். அரை மணி நேரத்துல மாத்திடறேன்" என்று இட்வால் ஓடி வந்தார்.

"வந்து மாத்திக்கறேன்யா. இப்பவே நேரமாச்சு. அவ காலையிலேருந்து ஒண்ணும் தின்னிருக்க மாட்டா."

"மாமா, மழை பெய்யுது. சொல்றதக் கேளுங்க" என்றாள் பெத்தான்.

எம்ரிஸ் காதில் வாங்கவில்லை. நூறு நாட்களில் முதன்முறையாக எந்தச் சோதனைக்கும் போகாமல், நேராக மனைவியைப் பார்க்கப் போகிறார். அந்தச் சந்தோஷம் தலைக்கேறிவிட்டது. மலையேறும்போது பாடக்கூடச் செய்தார். இறங்கும்போதும் வழக்கத்தைவிடக் கொஞ்சம் வேகம்தான். இல்லத்தின் வாசலுக்கு முந்தைய கடைசி வளைவில் மிதியை மிதித்தார். அது எதையும் பிடிக்காமல் அடிவரை போய்த் திரும்பி வரவில்லை. முன் பிரேக்கைச் சேர்த்துப் பிடித்தார். சாலையில் ஆட்டுப்புழுக்கை நனைந்து கிடந்தது. வண்டி இல்லத்து வேலியைப் பிளந்துகொண்டு காய்கறித் தோட்டத்துக்குள் புகுந்தது. சமையல்காரரின் முட்டைக்கோஸ் பாத்தி அன்று முதன்முறையாக வேகாமல் தப்பித்தது. எம்ரிஸின் கால் இரண்டு இடத்தில் முறிந்தது.

மருத்துவமனையில் ஒன்பது நாள் வைத்திருந்தார்கள். பிறகு தேறும்வரை தங்க எங்கே கட்டில் காலி என்று தேடினார்கள். ட்ரெகார்த் இல்லத்தில், ஒல்வெனின் அறையில், பக்கத்துக் கட்டில்காரி அன்று காலைதான் வீடு திரும்பியிருந்தாள். அவரைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்ததைப் பார்த்து ஒல்வென் முதலில் அழுதாள். மூக்கைச் சிந்திவிட்டு, "அரை மணி பொறுக்க முடியலியா? நான் என்ன செத்தா போயிடுவேன்?" என்று திட்டத் தொடங்கினாள். அன்றிலிருந்து பெத்தான் இரண்டு பேருக்கும் சாப்பாடு கொண்டுவந்தாள். ஒல்வென் இரண்டு பேர் பங்கையும் ருசி பார்த்தாள்.

ஒரு வாரம் கழித்துத் திரு. ஃபென்விக் பூங்கொத்தோடும் படிவத்தோடும் வந்தார். முகம் வாடியிருந்தது.

"ஒரு சின்னச் சிக்கல் மிஸ்டர் ப்யூ. எங்க பதிவுப்படி அந்த வண்டி ரெண்டு பத்துக்குப் பிறந்துது. மூணு பத்துக்கு விபத்து. ஒரு மணி நேரமே ஆன புது வண்டியில பிரேக் தேயாது. அதனால வண்டியில குறை இல்லைன்னு வாரியம் முடிவு செஞ்சிருக்கு. குறை ஓட்டினவர்கிட்டதான் இருக்கணும். உங்க வரலாறு எங்ககிட்ட இல்லை." அவர் தயக்கத்தோடு பக்கத்துக் கட்டில் பக்கம் திரும்பினார். "மேடம், நீங்க இவரை ரொம்ப நாளா அறிஞ்சவங்க. முன்னாடி இவர்கிட்ட ஏதாவது கோளாறு கவனிச்சிருக்கீங்களா?"

ஒல்வென் தலையணையை நிமிர்த்தி வைத்துச் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"நாற்காலிய இழுத்துப் போட்டு உக்காருங்க சார். நாப்பத்தொரு வருஷம். பேனாவுல மை இருக்கா?"

கல்யாணத்தன்றே மோதிரத்தைத் தபால் பையில் மறந்து வைத்ததிலிருந்து ஆரம்பித்தாள். குறட்டை, காது கேட்காத மாதிரி நடிப்பது, மாமியார் கல்லறைக்குப் போகவேண்டிய நாளில் செயினுக்கு எண்ணெய் போட்டது. மூன்று மணிக்குத் தேநீர் வண்டி வந்தபோது அவள் ஒன்பதாவது வருடத்தைத்தான் தொட்டிருந்தாள். எம்ரிஸ் காலை உயரத் தூக்கிக் கட்டியபடி படுத்து, ஒவ்வொன்றுக்கும் "ஆமா, உண்மை" என்று சாட்சி சொன்னார். மூன்று மணியாகியும் எங்கும் கிளம்பவேண்டியதில்லை என்பது அவருக்குப் பரம சுகமாக இருந்தது.

ஃபென்விக் படிவத்தின் பின்பக்கமும் நிறைந்து, உறையின் மேல் எழுத ஆரம்பித்திருந்தார். கை ஓய்ந்துபோய் நிமிர்ந்தார்.

"மேடம், மன்னிக்கணும். இத்தனை குறைபாடு இருக்கிற மனுஷரோட எப்படி இத்தனை வருஷம்..."

"தினம் காலையில எழுந்து ஆளை ஒரு தடவை பார்ப்பேன் சார். ஓடுற மாதிரிதான் இருந்துது" என்றாள் ஒல்வென். "நீங்களும் அந்த வண்டிய ஒரு தடவை கண்ணால பார்த்திருக்கலாம்."

ஃபென்விக் அதையும் எழுதிக்கொண்டார்.